பனிவெளியில் பறந்த குரு

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால், நம் குடும்பங்களில் தூத்துக்குடிப் பனிமய மாதாவைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்டு 5-இல் நிறைவெய்தும் அத்திருவிழாவுக்குக் கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் மக்கள் திரளாய்ச் செல்லுகின்றனர். பனி பெய்து கண்டறியாத நம் கடலோரத்தில் பனியின் பெயரால் ஓர் அன்னை! உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றின்மீது, கோடையின் கடும் வெப்பத்தில் ஒரு நாள் பனி பொழிந்து, தேவதாய்க்கு ஆலயம் எழவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்பது பழம்பெரும் மரபு. அந்த மரபிலிருந்தே அன்னைக்கு இப்பெயர் வந்தது என்பதை நம் வாசகர் பலரும் அறிவர்.

ஆனால் ஆண்டின் பெரும்பகுதி பனியாலும் பனிக்கட்டியாலும் மூடிக்கிடக்கும் கனடாவின் வடகோடியிலும் அன்னைக்கு இதே பெயர் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்தப் பனிவெளியின்மேல் விமானம் ஓட்டிச் சென்று, சாவின் வாயிலில் கிடந்த ஒரு மறைபரப்பாளரைத் தூக்கிவந்த ஒரு குருவை இம்மாதம் நம் வாசகருக்கு அறிமுகப்படுத்த விழைகிறோம். அவர் பெயர் அருட்தந்தை பவுல் ஷுல்ட்டே. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர். உலகம் அவரைப் "பறக்கும் குரு" என்று அழைத்தது.

அமலமரித் தியாகிகள் நமக்குப் புதியவர் அல்லர். புனித யூஜின் தெ மசெனோ 1816-இல் பிரான்சு நாட்டில் நிறுவிய இச்சபையின் துறவிகள் 1841-இல் கனடாவிலும், 1847-இல் இலங்கையிலும் கால் வைத்தனர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் பக்தியிலும் கல்வியிலும் அவர்களுடைய உழைப்பு ஊறியிருக்கிறது. ஒரே சபையின் ஒரு கை பனைமரத்தின் நிழலிலும், மற்றொரு கை மரமே முளைக்காத பனிப்பாலையிலும் உழைத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

நண்பனின் மரணம்

பவுல் ஷுல்ட்டே 1895-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மாக்டபூர்க் நகரில் பிறந்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இளைஞர். போர் அவரையும் இழுத்துக்கொண்டது. அதிலேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். அந்நாளைய விமானம் என்பது மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டு கட்டப்பட்ட எளிய பொறி. ஓட்டுநர் அமரும் இடத்துக்கு மேற்கூரை கிடையாது. அதில் ஏறி மேலே சென்றவர்களுள் திரும்பி வராதவர் பலர். ஷுல்ட்டே உயிரோடு திரும்பினார். போர் முடிந்தபின் குருத்துவக் கல்வியை நிறைவு செய்து, அமலமரித் தியாகிகள் சபையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

போர்க்களத்தில் கற்ற தொழில் அத்துடன் மறந்துபோயிருக்கும். மறக்கவிடாமல் செய்தது ஒரு மரணச் செய்தி.

ஓட்டோ பூர்மன் என்பவர் அவருடைய சபைத் தோழர், நெருங்கிய நண்பர். அவர் மறைபணிக்காகத் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, இன்று நமீபியா என்று வழங்கும் நாட்டுக்குச் சென்றார். அங்கே வடபகுதியில் ஒவாம்போ மக்களிடையே பணியாற்றிய காலத்தில், 1925-ஆம் ஆண்டு, காய்ச்சலில் வீழ்ந்தார். காய்ச்சலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. மருத்துவரும் அந்நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவர் இருந்த இடத்துக்கும் நோயாளி கிடந்த இடத்துக்கும் இடையே பல நாள் வழி கிடந்தது. மணலும் முட்புதரும் நிறைந்த அவ்வழியைக் கடக்க விரைவான வாகனம் ஒன்றும் இல்லை. உதவி எட்டும் தொலைவில் அவர் இல்லை, அவர் இறந்தார்.

இச்செய்தி கேட்ட ஷுல்ட்டே எவ்வளவு அழுதிருப்பார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நண்பனைப் புதைத்தவர் எவரும் அதை அறிவர். நாம் கவனிக்கவேண்டியது அவர் அழுகைக்குப் பின் செய்ததை. "இறைவன் திருவுளம்" என்று சொல்லித் துயரை ஆற்றிக்கொள்வது எளிது. பல வேளைகளில் அது சரியும் ஆகும். ஆனால் இந்தச் சாவில் இறைவன் திருவுளத்தோடு மனிதனின் குறையும் சேர்ந்திருந்ததை அவர் கண்டார். ஐரோப்பாவில் மோட்டார் வண்டிகள் தெருவெல்லாம் ஓடுகின்றன; விமானங்கள் வேடிக்கைக் காட்சிக்காகப் பறக்கின்றன. ஆண்டவரின் ஊழியனோ மாட்டு வண்டி நம்பிச் சாகவேண்டியிருக்கிறது. இது திருவுளமா, நமது அசட்டையா? இக்கேள்வியே அவரை உறங்கவிடவில்லை எனலாம்.

1927-ஆம் ஆண்டு அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். மறைபரப்பு நாடுகளுக்கு மோட்டார் வண்டி, மோட்டார் சைக்கிள், படகு, விமானம் ஆகியவற்றை வாங்கி அனுப்புவதே அதன் வேலை. ஜெர்மன் மொழியில் அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து "மீவா" என்று அழைத்தனர். நிலத்திலும் நீரிலும் வானிலும் கிறிஸ்துவை எதிர்கொண்டு செல்லுதல் என்ற பொருள்பட இலத்தீன் மொழியில் அதற்கு விருதுவாக்கும் அமைந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கிறிஸ்துவை "எடுத்துச் செல்ல" என்று அவர்கள் சொல்லவில்லை; "எதிர்கொள்ள" என்றனர். அதாவது, நோயுற்றுக் கிடக்கும் அந்தத் தொலைதூர மனிதனிடத்தில் ஆண்டவர் நமக்கு முன்பே சென்று படுத்திருக்கிறார். விரையவேண்டியவர்கள் நாமே.

வானில் ஒரு பலிபீடம்

மறைபரப்பின் பாப்பரசர் என்று போற்றப்படும் 11-ஆம் பத்திநாதர் (பியுஸ்) அக்காலத்தில் திருச்சபையை ஆண்டு வந்தார். 1926-இல் சீனர் அறுவரைத் தம் கையாலேயே ஆயர்களாகத் திருநிலைப்படுத்தியவரும், 1927-இல் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தவரும் அவரே. 1936 மே மாதம் ஹிண்டன்பர்க் என்னும் மாபெரும் ஆகாயக்கப்பல் ஜெர்மனியிலிருந்து வட அமெரிக்காவுக்குத் தன் முதல் பயணத்தை மேற்கொண்டபோது, அதில் பயணம் செய்த ஷுல்ட்டே அடிகளார் அப்பாப்பரசரின் சிறப்பு அனுமதி பெற்று, அட்லாண்டிக் மாகடலின்மேல் திருப்பலி நிறைவேற்றினார். வானத்தில் பறக்கும் கலத்தில் ஒப்புக்கொடுக்கப்பட்ட முதல் திருப்பலி அதுவே என்று அன்று உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின.

அடுத்த ஆண்டு, 1937 மே 6-ஆம் நாள், அதே ஹிண்டன்பர்க் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் நகரில் தரையிறங்குகையில் தீப்பற்றி எரிந்து 36 பேர் மாண்டனர். மனிதன் கட்டும் கலங்களின் பெருமை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? புகழ் தந்த கலம் சாம்பலாயிற்று. ஆனால் ஷுல்ட்டேயின் பணி புகழ்பெற்ற கலத்தில் இல்லை. அது எவரும் பாராத வடதுருவ வானில் அவருக்காகக் காத்திருந்தது.

சாலையில்லா நாட்டின் விமானிகள்

கனடாவின் வடபகுதியில் அந்நாளில் விமானம் ஓட்டியவர்களை ஆங்கிலத்தில் "புஷ் பைலட்" என்பார்கள். சாலையும் இருப்புப்பாதையும் விமானத் தளமும் இல்லாத காட்டுநிலத்து விமானிகள் என்பது அதன் கருத்து. ஷுல்ட்டே அடிகளாரின் செயலை உணரவேண்டுமானால் இவர்கள் வாழ்க்கையை ஓரளவு அறிந்திருக்கவேண்டும்.

இவர்களுக்கு ஏரியும் ஆறுமே ஓடுதளம். கோடையில் விமானத்தின் அடியில் மிதவைகளைப் பொருத்தித் தண்ணீரில் இறங்குவர். குளிர்காலத்தில் மிதவைகளைக் கழற்றிவிட்டு, பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டி, உறைந்த ஏரியின்மேல் இறங்குவர். உறையும் பருவத்திலும் உருகும் பருவத்திலும் இரண்டுக்கும் வழியின்றிச் சில வாரங்கள் முடங்கிக் கிடப்பர். குளிர் சுழிக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கும். அத்தகைய இரவில் இயந்திரத்து எண்ணெயை அப்படியே விட்டால் அது பசைபோல் இறுகிவிடும். ஆகவே மாலையில் விமானம் நின்றவுடன் விமானி செய்யும் முதல் வேலை, எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்துக் குடிசைக்குள் அடுப்பருகே வைப்பதுதான். விடிந்ததும் இயந்திரத்தைக் கித்தானால் மூடி, அதனடியில் நெருப்பு வைத்துச் சூடேற்றி, காய்ச்சிய எண்ணெயை ஊற்றிய பிறகே புறப்படுவார். பெட்ரோல் பீப்பாய்களை முந்தின கோடையிலேயே கப்பலிலோ படகிலோ அனுப்பி, வழியில் அங்கங்கே சேமித்து வைத்திருக்கவேண்டும். வரைபடத்தில் பெரும்பகுதி வெற்றுத்தாள். பூமியின் காந்தத் துருவம் அக்காலத்தில் அந்தப் பகுதியிலேயே இருந்தமையால் திசைகாட்டி முள்ளையும் நம்ப முடியாது.

இவ்விமானிகளில் பலர் போரிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் வாப் மே. 1918 ஏப்ரலில் "சிவப்புப் பிரபு" என்று பேர்பெற்ற ஜெர்மன் விமானி ரிக்த்தோபன் சுடப்பட்டு வீழ்ந்தபோது, அவர் துரத்திக்கொண்டிருந்தது இந்த வாப் மேயின் விமானத்தைத்தான். சாவிலிருந்து அவ்வாறு தப்பிய அவர், 1929 ஜனவரியில் விக் ஹார்னர் என்னும் துணைவருடன், மேற்கூரையற்ற சிறிய விமானத்தில், எட்மன்டன் நகரிலிருந்து வடக்கே வெர்மிலியன் கோட்டைக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைக் கொண்டு சென்றார். மருந்து உறையாமலிருக்க விமானத்துக்குள் கரியடுப்பு வைக்கவேண்டியிருந்தது. போரில் ஒருவரையொருவர் கொல்லக் கற்ற இரு நாட்டு இளைஞர்களில், ஒரு கனடியரும் ஒரு ஜெர்மானியரும் அதே கலையைக்கொண்டு உயிர் காக்கப் புறப்பட்டனர். வாள் கலப்பைக் கொழுவாக மாறும் நாளைப் பற்றி இறைவாக்கினர் கண்ட கனவின் ஒரு சிறு கீற்று இது எனலாம்.

1938 ஆகஸ்டு

அட்சன் விரிகுடாவைச் சூழ்ந்த அந்தப் பனி மாநிலத்தில் மறைபணியைத் தொடங்கியவர் ஆயர் அர்சேன் துர்க்கெத்தில். அவரும் அமலமரித் தியாகியே. 1912-இல் செஸ்டர்பீல்டு இன்லெட் என்னும் கடற்கரையில் ஒரு மரக்கொட்டகையில் அவர் தொடங்கிய பணிக்கு ஐந்தாண்டு வரை ஒரு கனியும் கிட்டவில்லை. 1917-இல்தான் முதல் திருமுழுக்குகள். எஸ்கிமோக்கள் என்று நாம் பள்ளியில் படித்த, தங்களைத் தாங்களே இனுவிட் என்று அழைத்துக்கொள்ளும் மக்கள் வாழும் நாடு அது. ஆண்டுக்கு ஒருமுறை கப்பல் வரும்; கடிதமும் மாவும் மருந்தும் அதில்தான் வரவேண்டும். மற்ற நாள்களில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியே போக்குவரத்து. 1931-இல் சாம்பல்நிற அங்கி அணியும் கன்னியர் செஸ்டர்பீல்டில் தெரேசம்மாளின் பெயரால் ஒரு மருத்துவமனை திறந்தனர்.

ஷுல்ட்டே அடிகளார் தம் விமானத்துடன் இம்மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். 1938 ஆகஸ்டில் ஒரு வானொலிச் செய்தி வந்தது. ஆர்க்டிக் பே என்னும் இடத்தில் மறைபணி தொடங்கச் சென்றிருந்த அருட்தந்தை ஜூலியன் கொஷார் கடும் நோயில் கிடக்கிறார். மருத்துவ உதவி கிட்டாவிட்டால் பிழைக்கமாட்டார் என்பதே செய்தி.

ஆர்க்டிக் பே வடக்கே 73-ஆம் பாகையில் இருக்கிறது. செஸ்டர்பீல்டு மருத்துவமனையிலிருந்து நேர்கோட்டில் பார்த்தாலும் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர்; கன்னியாகுமரியிலிருந்து ஐதராபாத்துக்கு வானில் கோடு போட்டால் வரும் தொலைவைவிடச் சிறிது அதிகம். இடையில் சாலை இல்லை, நகரம் இல்லை, இறங்கிப் பழுது பார்க்கத் தக்க இடம் இல்லை. ஆகஸ்டு மாதமாதலால் நிலத்தில் பனி உருகிக் கிடக்கும், நாய்வண்டியும் ஓடாது. கடலிலோ மிதக்கும் பனிக்கட்டிகள். கப்பல் தன் காலத்தில்தான் வரும். ஆப்பிரிக்காவில் ஓட்டோ பூர்மன் கிடந்த அதே நிலையில், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், மற்றொரு சபைத் தோழர் கிடந்தார். வேறுபாடு ஒன்றே: இம்முறை விமானம் இருந்தது; அதை ஓட்ட ஒருவர் இருந்தார்.

அவர் புறப்பட்டார். மூடுபனியும் காற்றும் நிறைந்த அக்கடலோரத்தின்மேல், நம்பத்தகாத திசைகாட்டியையும் அரைகுறை வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, வடக்கு நோக்கிப் பறந்தார். ஆர்க்டிக் பேயை அடைந்து, நோயாளியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பி, செஸ்டர்பீல்டு மருத்துவமனையில் கன்னியர் கையில் ஒப்படைத்தார். தந்தை கொஷார் உயிர் பிழைத்தார்.

இந்நிகழ்ச்சியை அன்றைய பத்திரிகைகள் வீரச்செயலாக எழுதின. வீரச்செயல்தான். ஆயினும் அந்தத் திரும்பும் பயணத்தில் ஷுல்ட்டே அடிகளாரின் நெஞ்சில் இருந்தவர் பின்னால் படுத்திருந்த நோயாளி ஒருவர் மட்டுமே என்று நமக்குத் தோன்றவில்லை. ஆப்பிரிக்க மணலில் புதையுண்ட ஓட்டோவும் அவரோடு பயணம் செய்திருப்பார். ஒருவருக்குச் செய்யத் தவறியதை வேறொருவருக்குச் செய்ய இறைவன் நமக்கு வாய்ப்பளிக்கிறார். இதுவே துயரத்துக்கு அவர் தரும் மருந்து.

வாகனம் புனிதமானதா?

ஓர் உண்மையை மறைத்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்லுவது முறையன்று. அதே செஸ்டர்பீல்டில், 1954 முதல் 1969 வரை, இனுவிட் பிள்ளைகளுக்கான உறைவிட விடுதி ஒன்று நடந்தது. தொலைவிலுள்ள குடியிருப்புகளிலிருந்து சிறு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விமானங்களில் ஏற்றிவந்தனர். தாய்மொழியையும் வழக்கங்களையும் இழந்தவர் பலர். கொடுமைகளுக்கு ஆளானவரும் உண்டு. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2022 ஜூலையில், முதுமையிலும் சக்கர நாற்காலியில் கனடா சென்று, வடக்கே இக்காலுயிட் வரை பயணம் செய்து, அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நோயாளியைத் தூக்கிச் சென்றதும் விமானம். பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து தூக்கிச் சென்றதும் விமானம். ஆகவே பொறியில் புனிதம் இல்லை. சக்கரமும் இறக்கையும் நம் நோக்கத்தையே சுமந்து செல்லுகின்றன. எரிகோ சாலையில் நல்ல சமாரியன் அடிபட்டவனைத் தன் சொந்த விலங்கின்மேல் ஏற்றினான் என்று நற்செய்தி கூறுகிறது. ஏற்றியவன் அவ்வளவு நேரமும் தான் நடந்து சென்றிருக்கவேண்டும் அல்லவா? ஏறியவனின் நன்மைக்காக ஓட்டுபவன் தன் வசதியை இழந்தால் அது அன்பின் வாகனம். ஓட்டுபவனின் எண்ணத்துக்காக ஏறியவன் தன்னை இழந்தால், அதன்மேல் எந்தச் சிலுவையை வரைந்தாலும் அது அன்பின் வாகனம் ஆகாது.

அரைமணி நேரம்

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வரும் ஓர் இரவு உண்டு. நாம் குருவான புதிதில், ஒரு பங்கில் உதவிப் பங்குக் குருவாக இருந்த காலம். கார்த்திகை மழை. காட்டாற்றுக்கு அப்பால் இருந்த கிளைக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் நனைந்தபடி வந்து நின்றான். "சாமி, தாத்தாவுக்கு ரொம்ப முடியலை. உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான்.

நாம் புறப்பட ஆயத்தமானோம். திரு எண்ணெயும் நற்கருணையும் எடுத்துக்கொண்டோம். வாசலுக்கு வந்தபோது மழை இன்னும் வலுத்தது. "கொஞ்சம் ஓயட்டுமே" என்று இளைஞனிடம் சொன்னோம். அவன் மறுத்துப் பேசவில்லை. தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றான். அரைமணி நேரம் சென்றது. மழை ஓயவில்லை, ஆற்றில் நீர்தான் ஏறிற்று. பிறகு சுற்றுவழியாகச் சென்று நாம் அவ்வீட்டை அடைந்தபோது விளக்கைத் தலைமாட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். பெரியவர் சற்று முன்னரே கண் மூடியிருந்தார்.

அவருடைய மனைவி எழுந்து வந்து, "இந்த மழையிலே நனைஞ்சு வந்திருக்கீங்களே சாமி" என்று சொல்லித் தம் முந்தானையை நீட்டித் தலை துவட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குறையும் கூறவில்லை. அந்த முந்தானையின் ஈரம் இன்றும் நம் நெற்றியில் இருப்பதாகவே தோன்றுகிறது.

மூடுபனி கலையும்வரை தரையில் காத்திருப்பது விமானியின் விவேகம். காத்திராத பலர் அக்கனடிய வெளியில் மாண்டிருக்கிறார்கள். அன்று நாம் காத்திருந்தது விவேகமா, அல்லது நனைய அஞ்சிய சோம்பலா என்பதை நம் மனச்சான்று அறியும், ஆண்டவரும் அறிவார். வாகனம் நம்மிடம் இருந்தது. வழியும் இருந்தது. புறப்படும் மனம்தான் அரைமணி நேரம் பிந்திற்று. உற்ற காலத்தில் வந்த உதவியை உலகத்தோடு ஒப்பிட்டுப் பேசினார் வள்ளுவர். பிந்தி வந்த உதவியை எதனோடு ஒப்பிடுவது?

நம் வீட்டு வாசலில் நிற்கும் வாகனம்

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கனடா ஜெர்மனியுடன் போர் தொடுத்தது. ஜெர்மானியரான ஷுல்ட்டே அடிகளார் கனடிய வானில் பறக்க இயலாதவரானார். அவர் அமெரிக்க நாட்டில் இலினாய் மாநிலத்துப் பெல்வில் நகரில், தம் சபையின் குருமடத்தில் தங்கினார். இறக்கை ஒடிந்த பறவைபோல் அவர் வாடியிருக்கலாம். ஆனால் 1941-இல் அவர் அங்கே பனிமய அன்னையின் பக்தியைப் பரப்பத் தொடங்கினார். அன்னையின் உருவத்தோடு வடதுருவப் பனிவெளியையும் வானத்து ஒளியையும் ஒரு சிறு விமானத்தையும் சேர்த்துத் தீட்டிய ஓவியம் அக்குருமடத்தில் இடம்பெற்றது. அந்தச் சிறு விதையிலிருந்து முளைத்ததே பெல்வில்லில் இன்று பெரும் திருத்தலமாய் விளங்கும் பனிமய அன்னை திருத்தலம். பறக்க முடியாதபோது அவர் முழந்தாளிட்டார். அதுவும் ஒரு பயணமாயிற்று.

பின்னர் அவர் தம் நண்பன் புதையுண்ட அதே தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, எண்பது வயதை நெருங்கிய நிலையில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். எங்கே ஒருவர் வாகனமின்றி மாண்டாரோ, அங்கேயே அவருடைய ஓட்டமும் நிறைவுற்றது.

அவர் தொடங்கிய மீவா சங்கம் ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து முதலிய நாடுகளில் இன்றும் இயங்குகிறது. ஆஸ்திரியாவில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. ஜூலை மாதத்தில், பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரின் திருநாளையொட்டி, வாகனம் ஓட்டுவோர் தாம் விபத்தின்றி ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாக ஒதுக்குகின்றனர். பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பத்து யூரோ. சிறு தொகைதான். ஆனால் அவ்வாறு சேர்ந்த பணத்தில் எங்கோ ஒரு மலைக்கிராமத்துச் செவிலிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போய்ச் சேருகிறது. "நான் பத்திரமாய் வீடு திரும்பினேன், மற்றொருவரும் பத்திரமாய் மருத்துவமனை சேரட்டும்" என்பதே அதன் உட்பொருள்.

அன்புக் குடும்பத்தாரே! நம் பங்குகளில் இன்று மாட்டு வண்டிக் காலம் இல்லை. பெரும்பாலான வீட்டு வாசல்களில் இரு சக்கர வாகனமாவது நிற்கிறது. பல வீடுகளில் காரும் நிற்கிறது. அவற்றை மந்திரித்துத் தரும்படி நீங்கள் ஆலய முற்றத்துக்குக் கொண்டுவரும்போது, நாமும் மகிழ்ச்சியோடு தீர்த்தம் தெளித்து ஆசீர் வழங்குகிறோம். இனி அவ்வேளையில் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம் என்று எண்ணுகிறோம்: "இவ்வாண்டில் இதில் உங்கள் குடும்பத்தார் அல்லாத யாரை ஏற்றிச் செல்வீர்கள்?"

ஞாயிறு திருப்பலிக்கு வர ஆசையிருந்தும் கால் வலியால் திண்ணையிலேயே செபமாலை உருட்டும் முதியவர் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பேருந்தில் நின்றபடி நகரத்துக்குச் சென்று வரும் தகப்பன் இருக்கக்கூடும். கணவன் வெளிநாட்டில் இருக்க, நிறைமாதத்தில் தனித்திருக்கும் மருமகள் இருக்கக்கூடும். இவர்கள் ஆர்க்டிக் பேயில் இல்லை. 1,100 கிலோமீட்டர் தொலைவில் இல்லை. நான்கு வீடு தள்ளி இருக்கிறார்கள். அந்த நான்கு வீட்டுத் தொலைவையும் கடக்க முடியாத தூரமாக்குவது பனியன்று, நம் மறதியே.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இத்திங்கள் முடிவதற்குள் ஒவ்வொரு அன்பியத்திலும் இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்றில், வாகனமும் ஓட்டத் தெரிந்தவரும் உள்ள வீடுகள். மற்றொன்றில், உதவி தேவைப்படும் வீடுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இரவு எந்நேரமானாலும் அழைக்கத்தக்க இரண்டு பேரின் தொலைபேசி எண்ணை அதன் கீழே எழுதுங்கள். பங்குக் குருவின் எண்ணையும் மறவாமல் எழுதுங்கள். அவரும் மழையைச் சாக்குச் சொல்லாமலிருக்க அது உதவும்.

வானதூதரின் செய்தி கேட்டவுடன் மலைநாட்டை நோக்கி விரைந்து நடந்த கன்னித்தாய், எலிசபெத்தம்மாளின் வீட்டுக்குப் பிந்திச் செல்லவில்லை. அவ்வன்னையே பனிமய மாதாவாகத் தூத்துக்குடிக் கடலோரத்திலும், வடதுருவப் பனிவெளியிலும் நமக்குத் துணை நிற்கிறாள். அவளது விரைவில் ஒரு சிறு பங்கை நம் கால்களுக்கும் நம் வாகனங்களுக்கும் கேட்டு மன்றாடுவோம். நம்மை எதிர்பார்த்துக் கிடக்கும் ஒருவரிடம், அவர் கண் மூடுமுன், நாம் போய்ச் சேருவோமாக.